கழற்றிய தகர மூடி

அண்ணா,

சூடேறிய எண்ணெயும் கருகிய வாழைச்சருகும் கலந்த வாடை என் சட்டையில் ஏறியிருக்கிறது. துவைத்தும் போகவில்லை. என் பாலக்கரை வீட்டுக் கொடியில் அது காய்கிறது. காற்றடிக்கும்போதெல்லாம் நீ அறைக்குள் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. கூப்பிடாமல் வந்து நிற்பது உனக்குப் பழக்கம்தான்.

போன வாரம் அண்ணி போன் செய்தார். “தம்பி, வண்டி சூடாகி நின்னு நின்னு போவுது. ஒரு தடவை வந்து பாருங்க.” நீ கண்மூடியபின் ஸ்ரீரங்கத்து வாழைத்தோப்பை அவர்தான் பார்க்கிறார். இந்தப் பட்டத்தில் உழுது வாழைக்கன்று வைக்காவிட்டால் விற்றுவிடுவது என்று பெங்களூரில் இருக்கும் உன் மகன் சொல்லிவிட்டான். உழ ஆள் கிடைப்பதில்லை. இருப்பது நீ வாங்கிப்போட்ட அந்தச் சின்ன டிராக்டர் ஒன்றுதான். அது போனால் தோப்பும் போகும்.

நான் அங்கே கால் வைத்துப் பல வருடம் ஆகிறது. காரணம் உனக்குத் தெரியும். அன்றும் இதே கோளாறுதான். ரேடியேட்டர் இல்லாத எஞ்சின் அது. விசிறி காற்றைத் தள்ளும்; மேலே போர்த்திய தகர மூடி அந்தக் காற்றைச் சிலிண்டரைச் சுற்றிய செதில் தகடுகளுக்கு இடையே திருப்பிவிட்டுச் சூட்டை இறக்கும். செதில்களில் சருகு அடைத்திருக்கிறது, சுத்தம் செய்து மூடியை மாட்டு என்றேன். நீ மூடியைக் கழற்றித் தூரப் போட்டாய்.

“மனுசனுக்கே வேர்த்தா சட்டையக் கழட்டுறோம். இதுக்குப் போர்த்திவிடச் சொல்றாரு இன்ஜினியர் சாரு!”

வேலைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டுக் காட்டினாய். கலப்பையை இழுக்காமல் நிற்கிற எஞ்சின் எப்படிச் சூடாகும்? நீ ஜெயித்தாய். “போடா, போயி பாலிடெக்னிக்ல பாடம் எடு” என்றாய். பஸ் ஏறினேன். பிறகு நீ ஒருமுறையும் அழைக்கவில்லை. நீ போன செய்திகூட எனக்கு மூன்றாம் ஆள் வாயால்தான் வந்தது. அதை நான் மறக்க முயலவில்லை.

போய்ப் பார்த்தேன். கொள்ளிடத்தில் நீர் இல்லை. இலைகூட அசையவில்லை. ஷெட்டில் டிராக்டர், மூடி இல்லாமல். எண்ணெய் அளவு சரி, ஆனால் கறுத்துத் தீய்ந்த நாற்றம். பிளக்கில் குறை இல்லை. செதில்களுக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டால் மண்ணும் சருகும் கட்டிகட்டியாக வந்தன.

“இத்தனை வருசம் எப்படி அண்ணி ஓடிச்சு?”

“அவங்க ரெண்டு சால் உழுவாங்க, டீக்கடைக்குப் போயிடுவாங்க. வந்து ரெண்டு சால் ஓட்டுவாங்க. பாதி நாள் கடையிலதானே கெடந்தாங்க” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் டீதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அண்ணி டீ குடிப்பதில்லை, ஏறினால் இறங்குவதுமில்லை.

செதில்களைச் சுத்தம் செய்துவிட்டு, மூலையில் கிடந்த மூடியை மாட்டப் போனேன். அண்ணியின் முகம் மாறியது.

“அது வேணாம் தம்பி. அவங்க கழட்டிப் போட்டது.”

காற்று போகும் வழியையெல்லாம் விளக்கினேன்.

“நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்வீங்க. ஆனா அவங்க கையால கழட்டுனது” என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டார். நீ போயும் உன் பேச்சுதான் எடுபடுகிறது.

நான் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு சால் போனது. மூன்றாவதும் போனது. ஆற்றுப் பக்கம் திரும்பும்போது சத்தம் கனத்தது, இழுவை தளர்ந்தது. பிறகு உள்ளே யாரோ சுத்தியலால் மெல்லத் தட்டுவதுபோல் டக், டக். எஞ்சின் இறுகிப்போவதற்கு முன் வரும் தட்டல் அது. சைலன்சரில் விழுந்த சருகு புகைந்தது.

“அண்ணி, நிறுத்துங்க!”

அவர் திரும்பவில்லை. கையை ஆட்டினேன். அவர் பார்வை மண்ணில் இருந்தது. மரியாதையை விட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “ஏய், நிறுத்து!”

எஞ்சின் சட்டென்று அடங்கியது. அண்ணி திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தோப்பின் வாழைகளுக்கு இடையே யாரையோ தேடினார்.

அது என் குரல் இல்லை, அண்ணா. அந்த அதட்டலும் கரகரப்பும் உன்னுடையவை. உன்னிடமிருந்து எதுவும் வேண்டாம் என்றிருந்தேன். என் தொண்டைக்குள் எப்போது கொண்டுவந்து வைத்தாய்?

அண்ணி இறங்கி வந்தார். “மாட்டுங்க தம்பி” என்றார். சூடு ஆறக் காத்திருந்து மாட்டினேன்.

உழவு முடிந்து கன்றும் வைத்தாயிற்று. உன் மகன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் அண்ணி இப்போது தினமும் போன் செய்கிறார். “வண்டி சூடாகலை தம்பி” என்கிறார். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, இருந்தும் போனை வைப்பதில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்கிறது.

“இன்னும் ஏதாச்சும் பேசுங்க” என்கிறார் கடைசியில்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. ஆனாலும் உன் குரலில் பேசுகிறேன்.