மார்கழியில் அளந்த கிணறு

தோ பாயோ,
ஆகஸ்ட் 19

அன்பு மகள் சிவதர்ஷினிக்கு,

நானும் அம்மாவும் நலம். கொழும்பில் நீயும் நலமாக இருக்க வேண்டுமென்று நேற்றுக் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். அதற்குப் பிறகும் என் கோபம் தணியவில்லை. தமிழ் சரியா என்று பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய நீர்வள அறிக்கையை மூன்று முறை படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது, அறிக்கைதான் பொய். யாழ்ப்பாணத்தில் அந்தப் பத்துக் கிராமங்களுக்குக் குடிக்கவும் பயிருக்கும் ஆண்டு முழுதும் தண்ணீர் போதும், மிஞ்சுவதைப் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலைக்குக் கொடுக்கலாம் என்கிறாய். கிணறுகளை எப்போது அளந்தாய்? மார்கழியில், மழை கொட்டி ஓய்ந்த வாரத்தில். தீபாவளிக்கு முதல் நாள் இங்கே தேக்காச் சந்தையைப் பார்த்துவிட்டு, ஆண்டு முழுதும் அங்கே இதே கூட்டம்தான் என்று என் மாணவன் எழுதியிருந்தால் எழுந்து நிற்க வைத்திருப்பேன். அங்கே மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்பு, அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறிவரும். பதினேழாம் பக்கத்தில் நீயே அதை எழுதிவிட்டு முடிவுரையில் விட்டுவிட்டாய். தெரியாமல் செய்திருந்தால் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன். தொலைபேசியில் கேட்டால், டெட்லைன்ப்பா, மறுபடி போக பட்ஜெட் இல்ல லா என்கிறாய்.

அந்தக் கிராமங்களில் ஒன்றில் வெங்காயம் பயிரிடும் உன் இராசமலர் மாமி முந்தாநாள் அழைத்தாள். அண்ணை, உங்கட மகள் மார்கழியில வந்து ரெண்டு கோப்பை தேத்தண்ணி குடிச்சவ, நல்ல தண்ணி மாமி எண்டவ, இப்ப வந்து குடிக்கச் சொல்லுங்கோ, ஒரே உப்பு, வெங்காயத் தாளெல்லாம் நுனி கருகிப் போச்சு என்றாள். தொழிற்சாலையின் ஆழ்கிணறு அவள் தோட்டத்துக்குப் பக்கத்துக் காணியில்தான் வரப்போகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை பாவம் லா, திட்டாதீங்க என்று உன் அம்மா குறுக்கே வந்தாள். போன வாரம் நம் அடுக்குமாடி புளோக்கில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வராது என்று மின்தூக்கி அருகே ஒட்டியதும் சாம்பார்ச் சட்டி வரை நிரப்பி வைத்தவள் அவள். அதைச் சொன்னதும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நீ அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வியாழன் காலை யாழ்ப்பாண ரயிலுக்கு உன் பெயரில் சீட்டு எடுத்து அனுப்பியிருக்கிறேன். மாமியிடமும் சொல்லிவிட்டேன், அதே கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டு வைப்பாள். சீனி கூடுதலாகக் கேட்காதே. இரண்டு கோப்பையையும் மிச்சம் வைக்காமல் குடி. அதன் பிறகும் உன் கை எழுந்தால் கையெழுத்துப் போட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, இந்த அறிக்கைக்கு இல்லை.

அப்பா
பேரின்பநாயகம்