பன்னிரண்டாவது ரீலில் நாலு நிமிஷம்

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை. வத்தலை மாடியில் காயப்போட்டு, அள்ளி, மறுபடி போட்டு. மூன்று தடவை. பூசையில் பிரசங்கம் முப்பத்து நாலு நிமிஷம். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி. 'இரவல் மாமனார்' படத்தைச் சுத்தம் செய்து டிஸ்க்காகக் கொண்டுவரும் வேலை ஒரு வருஷமாக நடக்கிறது. சென்னையில் நாலைந்து பேர் செய்கிறார்கள். குழுவில் இருக்கும் 143 பேரும் ஆளுக்கொன்றாகத் தேடிக் கொடுக்கிறோம். சுவரொட்டி, ஸ்டில், இந்த மாதிரி. நான் கொடுத்தது பாட்டுப் புத்தகம், அட்டை இல்லாமல்.

இன்று அட்மின் முத்துக்குமார் (பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. இனி மு.கு.) போட்ட செய்தி: கிடைத்தது ஒரே ஒரு பிரதி. அதில் பன்னிரண்டாவது ரீலில் நாலு நிமிஷம் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. எழுதிய வசனமும் எங்கும் இல்லை. யாருக்காவது ஞாபகம் உண்டா? வசனம் கிடைத்தால் அடியில் எழுத்தாகப் போடுவார்களாம்.

என்ன காட்சி என்று பார்த்தால், இட்லிக் காட்சி.

வீட்டுக்காரரிடம் போனைக் காட்டினேன். "சிரிப்புப் படத்துக்கு எதுக்குட்டி கண்ணு கலங்குது?" என்றார்.

ராத்திரிக்கு: கத்தரிக்காய், பருப்பு. காஸ் புக் பண்ண வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

தீப்பெட்டி ஆபீசில் இன்று 212 பண்டல். எண்ணுவதுதான் என் வேலை. முப்பது வருஷமாக எண்ணி எண்ணி, இப்போது படிக்கட்டு, தெருவிளக்கு, பாதிரியார் இருமுவது எல்லாவற்றையும் மனசு தானாக எண்ணிக்கொள்கிறது.

சாயங்காலம் மு.கு. வீட்டுக்கே வந்துவிட்டான். முப்பத்தைந்து வயசு, எழுபது வயசுக்காரர்களின் படப் பைத்தியம்.

"எக்கா, முழுக்காட்சியும் ஞாபகம் இருக்கா?"

"முப்பத்தொரு வரி. இருக்கு."

எப்படி என்று கேட்டான். குளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் டூரிங் கொட்டகை. படம் பழசாகி எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயசு, அண்ணனுக்குப் பதின்மூன்று. நாற்பத்தாறு நாள், தினமும் இரண்டு ஆட்டம். பார்த்தது இரண்டு தடவை. மற்றதெல்லாம் படுத்துக்கொண்டே கேட்டது. ஒருவன் பணக்கார வீட்டில் பெண் எடுத்ததாகப் பொய் சொல்லி, நாடகக்காரர் ஒருவரை மாமனாராகக் கூட்டிவருவான். வந்தவர் போகவே மாட்டார், தின்றுகொண்டே இருப்பார். அவர் தின்னும் இட்லியைச் சமையல்காரி எண்ணுவாள். வீட்டில் நடித்து விளையாடும்போது அண்ணன் மாமனார், நான் சமையல்காரி. எங்கள் வீட்டில் இட்லி கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும்தான். மற்ற நாள் கம்பஞ்சோற்றை உருட்டி வைத்து அதை எண்ணுவேன்.

மு.கு. சொன்னான், ஒருத்தர் ஞாபகத்தை நம்பி டிஸ்க்கில் போட மாட்டார்களாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வரியைச் சொன்னால்தான். "சிவகாசிக்காரர் ஒருத்தர் ஆறு வரி அனுப்புனாரு. அதுல நாலு வேற படம்க்கா."

"எங்க அண்ணன் சொல்லுவான். குளத்தூர்லதான் இருக்கான். ஆனா எங்களுக்குள்ள பேச்சு கெடையாது. ஒம்போது வருசமாச்சு."

அவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "ஒம்போது வருசமா ஒரு வார்த்தை கூட இல்லையா? எக்கா, இதவிட நல்ல சாட்சி கெடைக்காது! ஒங்களக் கும்பிட்டுக் கேக்குதேன், வேலை முடியுற வரைக்கும் சமாதானம் கிமாதானம்னு ஆயிராதீங்க."

சண்டை போட்டதற்காக என்னை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். பதினாறு வரி மளமளவென்று. பதினேழில் பேனா நின்றது.

மாமனார்: இன்னும் ரெண்டு வை தாயே.
சமையல்காரி: இதோட பதினாலு ஆச்சு.

பதினேழு என் வரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகள் ஸ்டெல்லாவின் நிச்சயதார்த்தம். காலைப் பலகாரம். அத்தையாயிற்றே, நான்தான் பரிமாறினேன். மாப்பிள்ளையின் அப்பா இலையைக் காட்டி, "இன்னும் ரெண்டு வை தாயே" என்றார். அச்சு அசலாக அதே வார்த்தை. என் வாய் என்னைக் கேட்கவில்லை. சமையல்காரி குரலிலேயே, "இதோட பதினாலு ஆச்சு." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் மாமனார் வரியைச் சொல்வான், பந்தியே சிரிக்கும், முடிந்துவிடும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான்.

அவன் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. பந்தியில் ஒரு சத்தம் இல்லை.

அவர் தின்றது உண்மையில் ஐந்து. பாதி இலையில் கையை உதறி எழுந்தார். அவரோடு வந்த இருபத்து மூன்று பேரும் எழுந்தார்கள். கல்யாணம் நின்றுபோனது.

ஸ்டெல்லா இப்போது தூத்துக்குடியில் வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். "நல்லவேளை அத்தை, தப்பிச்சேன்" என்று அவளே போனில் சொன்னாள். அண்ணன்தான், "சோத்த எண்ணுனவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொன்னதாகக் கேள்வி. சொன்னது நியாயம். வயிறு நிறையச் சாப்பிட வந்தவரிடம் எண்ணிக் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அந்த ஒரு வரியை அவன் சொல்லியிருந்தால்! திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முப்பத்தொன்றையும் எழுதி முடித்தேன். மு.கு.வுக்கு அனுப்பியாயிற்று.

அக்டோபர் 18, சனி

மு.கு. குளத்தூர் போய்வந்தான். அண்ணன் மக்காச்சோளம் விதைக்க ஆள் விட்டுக்கொண்டு நின்றானாம். காபி கொடுத்தானாம். படப்பேச்சை எடுத்ததும், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல தம்பி, போயிட்டு வாங்க" என்றானாம்.

ஆள் மெலிவா? பல் இருக்கிறதா? முட்டுவலி? முடி கொட்டிவிட்டதா? மதினி எப்படி இருக்கிறாள்?

"எக்கா, நான் வசனம் வாங்கப் போனேனா, பொண்ணு பாக்கப் போனேனா?"

ஞாபகமில்லையாம். அவனுக்கா! கொட்டகை மிஷின் சத்தத்தை வைத்தே இது எத்தனாவது ரீல் என்று சொல்வான்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இவர், "பேசணும்னா போய்ப் பேசு. நடுவுல படத்த எதுக்கு இழுக்க?" என்றார். இவருக்குப் புரியாது. படம் இல்லாமல் நாங்கள் பேசியதே இல்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஆபீஸ் லீவு. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு 12, அதிரசம் 6. மத்தியானம் நல்ல மழை, தெருவெல்லாம் கரிசல் சேறு, செருப்பில் ஒரு கிலோ.

குழுவில் சண்டை. மிமிக்ரிக்காரரை வைத்துக் குரல் கொடுத்துவிடலாம் என்று ஒரு கூட்டம். செத்தவர் வாயில் இன்னொருவர் குரலா என்று ஒரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். ஓட்டெடுத்தார்கள், ஜெயித்தோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே. 141.

நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள்

ஒன்பது வருஷமாக ஒரு ஏற்பாடு, யாரும் பேசி வைத்ததில்லை. அப்பா அம்மா கல்லறைக்கு அவன் காலையில் வருவான், நான் சாயங்காலம் போவேன். அவன் வைத்த பூ வாடியிருக்கும், மெழுகு உருகிக் கிடக்கும். அதன் பக்கத்தில் என்னுடையதை வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

இன்று காலை பஸ்ஸிலேயே போனேன்.

அவன் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தான். காற்றில் அணைந்தது. கையைக் குவித்து மறுபடி. ஐந்து தடவை. முதுகு வளைந்திருக்கிறது. முடி பூராவும் வெள்ளை. பக்கத்தில் மதினி, குடையோடு. ஓடிப்போய்க் காற்றை மறைத்து நிற்க வேண்டும் போல் இருந்தது.

வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பேசினால் சாட்சி கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். பயம். பார்த்தும் பேசாமல் போய்விட்டால்?

மரம் ஒல்லி. நான் ஒல்லி இல்லை. சேலை வேறு சிவப்பு.

அவர்கள் போனதும் போய் வைத்தேன். அவன் திரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அது எரிந்து நான் பார்த்ததில்லை. அணையும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

208 பண்டல். மு.கு. ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

"எக்கா, ஒங்க அண்ணனே போன் பண்ணுனாவ. ஞாபகம் வந்துட்டாம். நேத்துப் போய்ப் பதிஞ்சுட்டு வந்துட்டேன்."

"எப்படி வந்துச்சாம்?"

"கல்லறைத் தோட்டத்துல ஒரு வேப்பமரத்தப் பாத்ததும் வந்துட்டுன்னு சொல்லுதாவ. மரத்துக்கும் படத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?"

நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

போனில் போட்டான். அண்ணன் குரல். கரகரப்பு கூடியிருக்கிறது, மற்றபடி அதே மாமனார். சமையல்காரி வரிகளையும் அவனே சொல்கிறான், என் பத்து வயசுக் குரலில், மூக்கால். நான் அப்படியா பேசினேன்? "இப்பவும் அப்படித்தான்" என்றார் இவர்.

முப்பது வரி எழுத்துக்கு எழுத்து ஒன்று. பதினெட்டாவது மட்டும் இடிக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது:

மாமனார்: எண்ணு தாயே, எண்ணு. நான் பள்ளிக்கூடம் போகாதவன், எங்கே நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது.

அண்ணன் சொன்னது:

"எண்ணட்டும். எங்க வீட்லயும் ஒருத்தி உண்டு. அவ எண்ணாம எனக்கு ஒரு வாய் சோறு எறங்குனதில்ல."

மறுபடி போடச் சொன்னேன். மறுபடி. மூன்று தடவை.

"எக்கா, எது சரி? சென்னையில வாயசைவ வச்சுப் பாத்தாங்களாம். மாமனார் வாய் நெறைய இட்லி, ஒண்ணும் தெரியலையாம். நாளைக்குள்ள சொல்லிருங்க."

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார்.

நவம்பர் 7, வெள்ளி

எண்ணிக்கை தவறியது இன்று. 190க்கு அப்புறம் எங்கே இருந்தேன் என்றே தெரியவில்லை. முதலிலிருந்து எண்ணினேன்.

நாள் பூராவும் அதே யோசனை. "அண்ணன் சொன்னதுதான் சரி, நான்தான் மறந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிஸ்க்கில் ஏறிவிடும். அந்தப் படம் இருக்கும்வரை அந்த வரியும் இருக்கும். யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து படிப்பார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப ஆசை.

ஆனால் 141 பேர். எத்தனை பரண், எத்தனை பெட்டி. கேவலம் ஒரு சுவரொட்டிக்காகத் திருச்சி வரை போய்வந்தவர் இருக்கிறார். அவர்கள் படத்தில் நான் எப்படிப் பொய்யை எழுத?

ஆறு மணிக்கு மு.கு.வுக்கு போன். "தம்பி, நான் சொன்னதுதான் படத்துல உள்ளது. ஆனா ஒரு சாட்சிதான். அந்த எடத்தக் காலியா விட்டுருங்க."

"எக்கா, படத்துலயே பெரிய சிரிப்பு அதான்."

"தெரியும்."

"அப்ப அண்ணன் சொன்னது எந்தப் படம்?"

"அது எந்தப் படத்துலயும் கெடையாது. எனக்குச் சொன்னது."

அவன் கடைப் பக்கம் பஸ் ஹார்ன் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கத்துக்கு விரோதமாக நான் எண்ணவில்லை.

"சரிக்கா," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "வேலை முடிஞ்சுட்டு. இனி நீங்க பேசிக்கிடலாம்."

நவம்பர் 8, சனி

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுவது. மழை. ஆபீசுக்கு லீவு சொல்லவில்லை, இவர் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். குளத்தூர் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். மதினிக்குச் சேவு பிடிக்கும், அரைக்கிலோ.

சொல்லாமல் போய் நின்றால் நன்றாக இருக்காது என்று அண்ணன் நம்பரை அடித்தேன். எடுத்தான். நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. என் பக்கத்தில் கண்டக்டர் தொண்டை கிழிய, "குளத்தூர், குளத்தூர்" என்று கத்துகிறார்.

அங்கே பின்னால் மதினி குரல்: "காலங்காத்தால யாருங்க?"

"அவதான்," என்றான் அண்ணன். "வாரா. ஒரு இலை அறுத்துட்டு வா."