அமைதித் தடாகத்தின் 314ஆம் உறுப்பினர்

நங்கூரம்-9 அஞ்சல் நிலையம், சிறுகோள் பட்டை

நாள் 2,114 | 08:10

ஆன்டெனா மூன்றும் ஒழுங்கு. காற்று வடிகட்டி ஒழுங்கு. உலை ஒழுங்கு. பொறியாளர் மாசிலாமணி, அதாவது நான், எல்லாவற்றையும்விட ஒழுங்கு.

இதைக் கண்டெடுப்பவர் கவனிக்க: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே போகிற எந்தச் சொல்லும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். என் ஆன்டெனா ஒரு தும்மல் போட்டால் சனியின் நிலா டைட்டனில் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். போன வருஷம் ஓர் எரிகல் வந்தது. முறைத்தேன். மன்னிப்புக் கேட்டுப் பாதை மாறிப் போனது. நிலையத்தில் வேறு ஆள் இல்லாததால் சாட்சி கிடையாது.

இன்று புது இணைப்பு ஒன்று. விண்ணப்பித்தவர் பிக்குணி கேமா. பௌத்தப் பெண்துறவி, கோலார்க்காரர். பாறை 61இல் எவனோ கைவிட்டுப் போன சுரங்கக் கூண்டில் குடியிருக்கிறார். என் ஒரே பக்கத்து வீடு. இடைவெளி அறுபதாயிரம் கிலோமீட்டர்தான். அவர் சேர விரும்புவது ‘அமைதித் தடாகம்’ என்ற பிக்குணிகளின் இணையக் குழு. உறுப்பினர் 312. உலகத்தை விட்டு ஓடினவர்கள், ஓடின இடத்தில் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் பல் கூசியது. இருந்தாலும் இணைப்புக் கொடுத்தேன். சக்கரவர்த்தி என்றால் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும்.

நாள் 2,117 | 10:30

தரச் சோதனைக்காகத் தடாகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நூற்றில் ஒரு செய்தியைப் பார்த்தால் போதும் என்கிறது விதி. நான் கடமை வெறியன். நூறையும் பார்த்தேன்.

திரையில் கேமாவைத் தவிர 312 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு மொட்டைத்தலை, சம்மணம் போட்டு, கண்ணை மூடி. ஆறு மணி நேரம் பார்த்தேன், ஒருத்திக்கும் மூக்கு அரிக்கவில்லை. இதற்குச் சுவரையே பார்க்கலாம். என் சுவர் வெயில் பட்டால் முனகவாவது செய்யும்.

டைட்டனில் ஒருத்தி ‘இன்று பனி’ என்று எழுதினாள். உடனே எல்லாரிடமிருந்தும் கூப்பிய கைப் படம், அடியில் ‘சாது! சாது! சாது!’ நன்று என்று அர்த்தமாம். வியாழனின் நிலா யுரோப்பாவில் ஒருத்தி ‘பனி நின்றது’ என்றாள். அதற்கும் சாது. கிட்டத்தட்ட மூவாயிரம் வருஷத் தவம், கடைசியில் வானிலை அறிக்கைக்குக் கை தட்டுவதில் வந்து நிற்கிறது.

நாள் 2,120 | 09:05

கேமா இன்று தடாகத்தில் எழுதியது, அப்படியே:

“சகோதரிகளே, எனக்கு வயிற்றில் கட்டி. மருத்துவக் கப்பல் வர நான்கு மாதம் ஆகும். எனக்கு இருப்பது இரண்டு வாரம் என்கிறது கருவி. அதற்குள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷம் என்னோடு இங்கே இருந்த பிக்குணி உத்தரா இறக்கும்போது, ‘கப்பல் கிளம்பிவிட்டதா?’ என்று கேட்டார். கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ‘கிளம்பிவிட்டது, நாளை மறுநாள் வந்துவிடும்’ என்றேன். அறிந்தே சொன்ன பொய். உங்களில் ஒருவர் கேட்டுக்கொள்வீர்களா?”

இருபத்திரண்டு நிமிடத்தில் 312 கூப்பிய கைகள். சாது! சாது! சாது! ஒருத்தி மட்டும் கூடுதலாக, ‘அருமையான பகிர்வு, சகோதரி.’

பொறுக்கவில்லை. வானொலியில் கேமாவைப் பிடித்தேன்.

“அம்மா, இதெல்லாம் ஒரு பொய்யா? காலைக் காபிக்கு முன்னாடி நான் பத்து சொல்லுவேன்.”

“நீங்க சொல்லலாம் ஐயா. நீங்க விரதம் எடுத்துக்கலையே.”

“சரி, மாசிலாமணி மன்னிச்சாச்சு. ஆளை விடுங்க.”

“மன்னிப்பை யாரு கேட்டா? இன்னொரு பிக்குணி இதைக் காதால வாங்கணும். ‘பார்க்கிறாயா?’ன்னு கேப்பாங்க. ‘பார்க்கிறேன்’னு நான் சொல்லணும். ‘இனி அடங்கி நட’ன்னு முடிப்பாங்க. அவ்வளவுதான். அதுக்கு ஓர் ஆள் வேணும் ஐயா. இங்க இருந்த ஒரே ஆள்கிட்டதான் நான் பொய் சொல்லிட்டேன்.”

மூன்றே வாக்கியம். 312 பேர். ஒருத்திக்கும் வாய் வரவில்லை. தூ.

நாள் 2,123 | 14:20

டைட்டன்காரி பதில் சொல்ல எடுக்கும் நேரம்: 22 நிமிடம். யுரோப்பாக்காரி: 22. செவ்வாய்: 22. நாகப்பட்டினம்: 22.

டைட்டனுக்கு ஒளி போய்த் திரும்பவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒளி எந்தப் பிக்குணிக்காகவும் ஓட்டமாய் ஓடாது. 22 நிமிடம் என்பது சீரீஸ் குறுங்கோளில் இருக்கிற குழுவின் கணினிக்குப் போய்வரும் நேரம். பதில் சொல்வது அந்தப் பெட்டி.

பெட்டியைத் துழாவினேன். உள்ளே ‘நிழல் இருக்கை’ என்று ஒரு வசதி. நீண்ட மௌனத்துக்குப் போகிற பிக்குணி, தன் கட்டம் காலியானால் மற்றவர்கள் தனியாக உணர்வார்களே என்று, தன் நிழலை உட்காரவைத்துவிட்டுப் போகலாம். நிழல் மூச்சு விடும். கை கூப்பும். பனி பெய்ததாக எழுதும். முதல் ஒருத்தி அப்படிப் போனாள். அடுத்தவளும் அதே கருணையோடு போனாள். இப்படி ஒருவருக்கொருவர் கருணை காட்டிக்கொண்டே 312 பேரும் எழுந்து போய்விட்டார்கள். கடைசி ஆள் போய் ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாகப் பொம்மைகள் பொம்மைகளைக் கும்பிடுகின்றன.

ஏழு கிரகத்து முட்டாள்களோடு பழகியவன் நான். இத்தனை பண்பான முட்டாள்தனத்தைக் கண்டதில்லை.

நிஜ மடங்கள் முப்பத்தொன்றுக்கும் நேரே அவசரச் செய்தி அனுப்பினேன்.

நாள் 2,128 | 16:00

முப்பத்தொரு பதில்களும் வந்தன. முப்பத்தொன்றும் ஒரே வாசகம்: ‘மழைக்கால மௌனம். மூன்று மாதம் கழித்துத் தொடர்பு கொள்ளவும்.’ கட்டி மழைக்காலம் பார்த்துக் காத்திருக்குமா, மூதேவிகளே?

நாள் 2,131 | 11:00

கேமாவின் குரல் இறங்கிவிட்டது. தினமும் அதே விண்ணப்பத்தைத் தடாகத்தில் போடுகிறார். தினமும் சாது.

நேற்று நானே சேர்ந்தேன். பெயர்: பிக்குணி மாசிலா, விளாத்திகுளம் மடம். படம்: என் பின்மண்டை. தலைமுடி விஷயத்தில் நான் பிறவித் துறவி.

எழுதினேன்: “கேட்டேன். பார்க்கிறாயா?”

அவர்: “பார்க்கிறேன்.”

நான்: “இனி அடங்கி நட. கப்பலை அனுப்பாத கழுதைகள் நாசமாய்ப் போக.”

கடைசி வாக்கியம் கை மீறி வந்துவிட்டது. இன்று காலை வானொலியில் அவர்:

“ஐயா, தடாகத்துல புதுசா ஒருத்தங்க. விளாத்திகுளமாம். அங்க பிக்குணி மடம் இருக்கா?”

“ஏழு மாடி. ஆயிரம் பேர். வாசல்ல யானை கட்டியிருக்கு.”

“பிக்குணிக்கு யானை எதுக்கு ஐயா?”

“மூச்சு வாங்குது உங்களுக்கு. பேசாதீங்கம்மா.”

“ஒண்ணே ஒண்ணு. அவங்க நிஜமாவே பிக்குணிதானா?”

ஐந்து நொடித் தாமதம். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு அரை நொடிகூட ஆகாது. மிச்சம் என்னுடையது.

“நிஜம்தாம்மா.”

“சரிங்க ஐயா.”

நாள் 2,134 | 07:50

பாறை 61. உடற்கருவியின் சமிக்ஞை 06:12க்கு நின்றது. பிக்குணி கேமா இறந்தார்.

அலங்காரம் எதுவும் வரவில்லை.

தீர்ப்பு எழுதத் தெரியும். சாகிறவள் கேட்ட மூன்று வாக்கியத்தைத் தராத 312 பொம்மைகளுக்கும் இன்று முடிவு. தடாகத்தின் மொத்த இணைப்பும் என் ஆன்டெனா வழிதான். கட்டளை தயார். 09:00க்குத் துண்டிப்பேன்.

09:02

துண்டிக்கவில்லை.

அவர் தன் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூச்சு விடுகிறார். கீழே: ‘நிழல் இருக்கை. வைத்தவர் பிக்குணி கேமா, நேற்று 17:40.’ காரணம் எழுதும் இடத்தில்:

“இங்கே எல்லாம் நிழல் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். புதுச் சகோதரி திட்டுகிறார், யானை வளர்க்கிறார், ஆகவே ஆள்தான். பிக்குணி இல்லை. என் குற்றம் என்னோடு வருகிறது, பரவாயில்லை. இங்கே இருக்கிற ஒரே ஆள் அவர். தனியாக உட்காரக் கூடாது.”

09:40

தடாகத்தில் எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன்: “சாகிறவரிடம் அறிந்தே பொய் சொன்னேன். யாராவது கேளுங்கள்.”

10:02

313 கூப்பிய கைகள். சாது! சாது! சாது! முதல் கை கேமாவுடையது. ‘அருமையான பகிர்வு, சகோதரி’ என்று எழுதியதும் அவர்தான். அதுதான். பொம்மை. அவர் முகத்தோடு.

இருக்கைகள் 314. ஆள் ஒன்று. அதுவும் போலி.

10:24

மறுபடி அனுப்பினேன்.

10:46

சாது! சாது! சாது!

10:47

யாராவது