பதினேழாம் அறைச் சுவர்

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஏணியில் ஏறும் வேலையெல்லாம் இப்போது என்னுடையது. தையல் ஆலையில் உனக்கு ஷிப்ட் மாறியதா? வேளைக்குச் சாப்பிடு.

இரண்டு மாதமாக எங்களுக்கு எங்கே பெயிண்ட் வேலை தெரியுமா? உன் பல்கலைக்கழக விடுதியில். உன் பதினேழாம் அறையையும் பக்கத்து அறைகள் இரண்டையும் இடித்து ஒன்றாக்கிவிட்டார்கள். மாணவிகள் கூடி உட்கார்ந்து படிக்கவும் பேசவும் பெரிய கூடம். கூரையும் புதிது. மழைக்குப் பயந்து நீ கட்டிலை இழுத்துப் போட்ட மூலையில் புத்தக அலமாரி நிற்கிறது. இனி ஒரு சொட்டு ஒழுகாது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வார்டன் அதே அம்மாள்தான். கூரை ஒழுகுகிறது என்று மனு கொடுத்ததற்கு, மற்றவர்களைத் தூண்டிவிட்டாய் என்று சொல்லி உன்னை வெளியேற்றியவர். விடுதி போனதும் உன் படிப்பும் போனது. இப்போது வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கூடம் தன் பத்து வருடக் கனவு என்கிறார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தலை நிமிராமல் சுவரில் பட்டி மாவு தேய்ப்பதைப் பார்த்து அப்பாவிடம், "உங்க பொண்ணுக்கு வாயே இல்லையா? இப்படித்தான் இருக்கணும். இங்க ஒருத்தி இருந்தா, வாய் மட்டும்தான் அவளுக்கு" என்று சிரித்தார். அப்பா பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நான் வேலைக்கு வந்த முதல் நாளே அப்பா சொன்ன விஷயம் ஒன்று உண்டு. சுவரில் மார்க்கர் கிறுக்கல் இருந்தால் எண்ணெய் பிரைமர் அடித்து அடைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை கோட்டிங் அடித்தாலும் சில நாளில் ஊறி மேலே வந்துவிடும்.

நேற்று முன்தினம் அப்பா சாப்பிடப் போயிருந்தபோது, திறப்பு விழாவுக்காக அந்த அம்மாள் பெயர் பொறித்துச் சுவரில் பதித்திருக்கும் கல்லுக்குப் பக்கத்தில், உன் மனுவைச் சிவப்பு மார்க்கரில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அன்று என்னைத்தானே எழுதச் சொன்னாய். ஒரு வரி மறக்கவில்லை. தேதியும் போட்டேன், உன் பெயரும் போட்டேன். பிரைமர் டப்பாவைத் தொடவில்லை.

ஏணியில் நின்று பிரஷ்ஷை நனைக்கும்போது அப்பா வந்துவிட்டார். கடைசி வரி வரை வாசித்தார். வேலை கெட்டால் பழி அவர் தலையில் விழும், இனி அந்த வளாகத்தில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பிரைமர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "நீ இறங்கு. எழுத்து உன்னோடது, பெயிண்ட் என்னோடதா இருக்கட்டும்" என்றார். அந்த முழங்காலோடு ஏணி ஏறி இரண்டு கோட்டிங்கும் அவரே அடித்தார்.

திறப்பு விழா வருகிற வெள்ளிக்கிழமை. இன்று காலை உற்றுப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய' என்ற முதல் சொல் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்க்கிறது. மீதியும் வந்துவிடும். அந்த அம்மாளின் மன்னிப்பு எனக்கு வேண்டாம். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அதை வாசித்தால் போதும்.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் கேட்டுப் பார். அந்த அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் முதலில் நீ உட்கார வேண்டும். அப்பா உனக்கு எதுவும் எழுதச் சொல்லவில்லை. உன் ஊரிலிருந்து வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

வழி பார்த்திருக்கும்,
உன் சுண்டெலி