செமிதா வாசனை

அன்பு நிடியாவுக்கு,

வாஷிங்டனிலிருந்து வந்த தூதரின் நாற்காலிக்கு மெத்தை போடுவதென எங்கள் அமைச்சகம் மூன்று கூட்டங்களுக்குப் பின் முடிவெடுத்தது. அதில் அமர்ந்துதான், பிடிபட்ட கொக்கெய்ன் மூட்டைகள் எரிவதை அவர் பார்த்தார்.

ஆய்வகத்திலிருந்து வந்திருந்த உன் தம்பி வில்மர் உரக்கவே கேட்டான்: "என்ன அத்தான், செமிதா ரொட்டி வாசனை தூக்குது! சரக்கை வித்துட்டு மைதாவையா கொளுத்துறீங்க?"

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். அவன் என்ன சொல்கிறான் என்று, மொழிபெயர்க்க நின்ற என்னிடம் தூதர் கேட்டார். புகையில் கண் எரிகிறதாம் என்றேன்.

உள்ளதைச் சொல்லியிருந்தால், அவன் பெயரையாவது தூதர் குறித்துக்கொண்டிருப்பார்.

தம்பி ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். மறுநாளே அவனை ஓலாஞ்சோ காட்டுச் சாவடிக்கு மாற்றினார்கள். நான்தான் பேருந்து ஏற்றிவிட்டேன். பேருந்து போய்ச் சேர்ந்தது, அவன் சேரவில்லை.

கடத்தல்காரர்களைப் பிடிக்கவென்று தூதர் அன்று அறிவித்த ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன. முதல் வேலையாக அவனைத் தேடுகின்றன.

உன் கணவன்