ஐந்தாவது பலோமா

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளையைக் கோசுமெல் டால்பின் பூங்காவுக்கு நீந்த அழைத்து வராதே.

பிறந்தநாள்தோறும் நீ பலோமா டால்பினோடு நீந்திய ஒன்பது படங்களையும் அவனுக்காக வரிசையாக ஒட்டினேன். டால்பினின் முதுகுத் துடுப்பு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. என் கண்களை நம்பாமல், படங்களோடு டால்பின் பயிற்சியாளர் எவெலியோவிடம் போனேன்.

"இப்ப இருக்கிறது அஞ்சாவது பலோமா, வாத்தியாரே! தொட்டிக்குள்ள ரொம்ப நாள் தாங்காதுங்க. ஒண்ணு செத்தா பேரை அடுத்ததுக்கு வச்சுடுவோம். இதுகூடத் தெரியாமலா பள்ளிக்கூடத்துல உயிரியல் பாடம் நடத்துனீங்க?" என்று சிரித்தான்.

வருடாவருடம் கரையில் நின்று, "பாரு கண்ணு, உன்னை ஞாபகம் வச்சிருக்கு" என்று சொன்னவன் நான்தானே?

பிள்ளை கேட்டால், பலோமா செத்துவிட்டது என்று சொல். நான்கு முறை என்று மட்டும் சொல்லாதே.

உன் அப்பா