பிரெஞ்சுக் கோட்டையில் விழுந்த அடி

என் அன்பு மச்சான் யூட்,

நீ இருக்கும் இடத்துக்கு எங்கள் செய்திகள் வருமோ தெரியாது. அதனால் நானே சொல்கிறேன். போன மாதம் நான் ஒரு மனிதரை அடித்து மூக்கை உடைத்துவிட்டேன். உன்னால் நம்ப முடிகிறதா? பள்ளிக்கூடத்தில் சண்டை என்றாலே உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான்.

எங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்கு மகள் நிவேதா தந்த பரிசு அந்தப் பயணம். சுவிஸில் நாங்கள் இருக்கும் சோலோதுர்னிலிருந்து எங்கள் காரிலேயே பிரான்சுக்குப் போய், பழைய கோட்டைகளைப் பார்த்து, அவற்றிலேயே அறை எடுத்துத் தங்குவது. என் மனைவி செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் கோட்டையில் பெரிய கட்டிலில் ஏறி இருந்துகொண்டு, "இஞ்ச பாருங்கோ, மகாராணி வந்திருக்கிறன்" என்றாள். முதியோர் இல்லச் சமையலறையில் கால் கடுக்க நிற்கிறவள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம்!

மூன்றாவது கோட்டையில், தாடி வைத்த வழிகாட்டி ஒருவர் எங்களை நிலவறைக்குக் கூட்டிப்போனார். சுவரில் இரும்பு வளையங்கள். கைதிகளை அதில்தான் பூட்டி வைப்பார்களாம். ஒருவன் தன் கைகளை வளையத்துக்குள் விட்டு நாக்கைத் தொங்கப்போட, அவன் காதலி படம் எடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மணிக்கட்டு எரியத் தொடங்கியது. "மேல போவம்" என்று செல்வியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வழிகாட்டி விளையாட்டாகக் கதவை அடித்துச் சாத்தி, விளக்கை அணைத்தார்.

அந்தத் தாழ்ப்பாள் சத்தம், மச்சான். உனக்குத் தெரியும்.

பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. என் கைகளுக்குள் ஒரு கழுத்து இருந்தது. அந்தத் தலையைச் சுவரில் மோதினேன். மறுபடியும் மோதினேன். விரல்களில் சூடாக இரத்தம் வழிந்தது. யாரோ வீரிட்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்து இழுக்க, திரும்பி முழங்கையால் இடித்தேன். வெளிச்சம் வந்தபோது செல்வி தரையில் கிடந்தாள். உதடு பிளந்து, சட்டையெல்லாம் இரத்தம். அப்போதும் என் காலைக் கட்டிப்பிடித்தபடி கத்தினாள்:

"விடுங்கோப்பா! அது இலங்கை ஆமி இல்லை, வழிகாட்டி. நாங்கள் பிரான்சில நிக்கிறம்!"

பொலிஸ் வந்தது. ஒருவர் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்ததும் நான் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். ஐம்பது வயது தாண்டியவன். செல்வி உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். பிரெஞ்சு தெரியாது. ஜெர்மனில் கத்தினாள், பிறகு தமிழில்: "விலங்கு போடாதேங்கோ! நான் கூட்டிக்கொண்டு வாறன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வருவார்."

அவருக்கு என்ன விளங்கியதோ, விலங்கைத் திரும்ப வைத்துவிட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் வண்டிக்கு நடந்தேன்.

விசாரித்து எங்களை விட்ட பிறகு, காரை எடுக்குமுன் அவள் கேட்டாள்.

"அங்க ஆரை அடிச்சனீங்கள்?"

நான் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினேன்.

"யூட் அண்ணை ஆமிக் காம்பில செத்தவர் எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள். எப்பிடிச் செத்தவர்?"

சொன்னேன், மச்சான். ஒரே விலங்கில் உன் இடக்கையும் என் வலக்கையும் பூட்டியிருந்ததை. மணல் நிரப்பிய குழாயால் உன்னை அடித்தபோது, ஒவ்வோர் அடிக்கும் உன் கையோடு என் கையும் துள்ளியதை. உன் விலா முறிந்த சத்தத்தை. நீ தண்ணீர் கேட்டபோது அவர்கள் சிரித்ததை. பிறகு உன் கை துள்ளவில்லை. அது குளிர்ந்து விறைத்த பின்னும் எங்களை அவர்கள் பிரிக்கவில்லை.

செல்வி அழவில்லை. என் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஓம், சொல்லுங்கோ" என்றாள்.

மிச்சக் கோட்டைகளுக்கு நாங்கள் போகவில்லை. அவள் உதட்டில் தையல் போட்டிருக்கிறார்கள்; சாப்பிடும்போது வலிக்கிறது, எனக்குத் தெரியாமல் மறைக்கிறாள். வழிகாட்டி முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அவரில் பிழையில்லை. அவர் வேலையைத்தான் செய்தார். மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. பிரான்சில் வழக்கு வருகிறது. "மயக்கத்தில ஒண்டும் ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ அப்பா, மிச்சத்தை லோயர் பாத்துக்கொள்ளுவார்" என்கிறாள் நிவேதா.

உன்னைக் கொன்றவர்களை யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா?

என்னைக் கேட்கப்போகிறார்கள், ஏன் அடித்தாய் என்று. கேட்கத்தான் வேண்டும். என்ன தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் பதில் சொல்லும்போது உன் முழுப்பெயரைச் சொல்வேன். உனக்குச் செய்ததையெல்லாம் சொல்வேன். மொழிபெயர்ப்பாளர் அதைக் கடைசிச் சொல் வரை அவர்களுடைய மொழியில் சொல்லி முடிக்கும்வரை உட்காரமாட்டேன். இது சத்தியம்.

உன் மாமா மகன்,
ரூபன்